ஜீப்பை அரை ஜாண் உயர்த்திய கதை

பட்டாளத்து ஜீப் ஒன்றின் அடிவயிற்றை நான் முதன்முதலாகப் பார்த்தது தருவைகுளம் போகும் வண்டிப் பாதையில், மல்லாந்து படுத்துக்கொண்டு. ஆசைப்பட்டுப் பார்த்ததல்ல. ஜீப் பாதையின் நடுத்திட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டது. நான்கு சக்கரங்களும் இரு பக்கத்துப் பள்ளங்களில், தரையைத் தொட்டும் தொடாமலும், சும்மா சுற்றின. அடியில் மண்ணைச் சுரண்டினால்தான் வண்டி இறங்கும் என்று அதன் சொந்தக்காரனான என் நண்பன் சொன்னான். அவன் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகப் படுத்து, ஆளுக்கொரு தேங்காய்ச் சிரட்டையால் சுரண்டினோம். மேலே இருந்த கூடைகளிலிருந்து மீன் தண்ணீர் என் சட்டைக் காலரில் சொட்டியது.

அந்தப் பாதை தூத்துக்குடியிலிருந்து வடக்கே உப்பளங்களை ஒட்டிப் போகும். மாட்டு வண்டிகள் ஒரே தடத்தில் போய்ப் போய் இரண்டு ஆழமான பள்ளங்கள் விழுந்திருந்தன. நடுவே மாடுகள் மிதித்து இறுகிய திட்டு. மழைக்கு அது களி, வெயிலுக்குக் கல். மாட்டு வண்டிச் சக்கரம் ஆளின் மார்பு உயரம் இருக்கும். அதன் அச்சு திட்டைத் தொடாமல் தாராளமாகப் போய்விடும். ஜீப்பின் சக்கரம் என் இடுப்புக்குக்கூட எட்டாது. போதாததற்கு, யுத்தத்தில் யாரோ எதையோ ஏற்றி எங்கெங்கோ ஓட்டியதில் அதன் ஸ்பிரிங் பட்டைகள் வளைவெல்லாம் போய்த் தட்டையாகிவிட்டன. வெறும் வண்டியாகப் போனால் எப்படியோ தப்பிவிடும். சுமை ஏற்றினால் வயிறு தட்டும்.

நாங்கள் சுரண்டிக்கொண்டிருக்கையில் பின்னால் சலங்கைச் சத்தம் கேட்டது. தருவைகுளத்து மீனை வழக்கமாகத் தூத்துக்குடிக்கு ஏற்றிவரும் வண்டிக்காரர். மாடுகளை நிறுத்திவிட்டு, குனிந்து, வண்டிக்கு அடியில் தெரிந்த எங்கள் கால்களோடு பேசினார்.

“என்ன வே, ரெண்டு பேரும் இங்கன நிழலுக்குப் படுத்திருக்கியளா?”

“வண்டி கொஞ்சம் ஒக்காந்துட்டு, அண்ணாச்சி,” என்றான் நண்பன்.

“ஒக்காரட்டும், ஒக்காரட்டும். யுத்தத்துக்கெல்லாம் போய்ட்டு வந்த வண்டியில்லா, அசதி இருக்கும். நான் வேணா ஒரு மாட்ட அவுத்துத் தரட்டா?”

தரவேண்டாம் என்று நண்பன் சொன்னான். கொஞ்ச நேரம் கழித்துத் தரச் சொன்னான். மாடு இழுத்துத்தான் ஜீப் இறங்கியது. நாங்கள் ஸ்டேஷனுக்குப் போனபோது மாலை ரயில் போயிருந்தது. மீன் கெட்டுவிடும் என்பதால் நகரத்துச் சந்தையில் வந்த விலைக்குத் தள்ளினோம்.

*

அந்த வருஷங்களில் துறைமுகச் செய்திகளைச் சென்னைப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்புவது என் வேலை. எந்தக் கப்பல் வந்தது, என்ன இறங்கியது, எந்தத் தோணி கொழும்புக்குப் புறப்பட்டது என்று காலையிலேயே எழுதித் தந்தி ஆபீசில் கொடுத்துவிட்டால் மீதிப் பகல் என்னுடையது. அதனால்தான் ஜீப்புக்கு அடியில் படுக்க நேரம் கிடைத்தது. நண்பனும் நானும் பாதிரியார் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. நான் கடைக்கார வீட்டுப் பிள்ளை. அவன் ஊரின் கடற்கரைப் பக்கமான திரேஸ்புரத்தில் கடலோடிக் குடும்பம். வலை பிடிக்காமல் ஸ்டியரிங் பிடித்தவன்.

யுத்தத்தில் பர்மா எல்லையில் லாரி ஓட்டினான். திரும்பி வந்தபோது கையில் கொஞ்சம் பணம் இருந்தது. பட்டாளம் கழித்துப்போட்ட வண்டிகளை ஏலம் விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு ரயிலேறிப் போனான், ஜீப்பில் திரும்பினான். பணம் இல்லை. போனட்டில் வெள்ளை நட்சத்திரம் பாதி உரிந்திருந்தது. ஸ்டியரிங் இடது கைப் பக்கம் இருந்தது. வண்டியைப் பார்க்கத் தெருவே கூடியது. அவன் அப்பா மட்டும் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

அப்பாவின் ஏற்பாடு வேறு. கொழும்பில் அவருடைய தம்பிக்குக் கடை இருந்தது. மகன் அங்கே போய்க் கல்லாவில் உட்கார வேண்டும். வாக்குவாதம் பெரிதாகி, கடைசியில் ஈஸ்டர் வரைக்கும் கெடு என்று முடிந்தது. அதற்குள் ஜீப் சோறு போட்டால் சரி. இல்லாவிட்டால் கப்பல். ஒரு தகரப் பெட்டியில் துணிமணிகளை அடுக்கி வாசலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார் அப்பா. வீட்டுக்குள் போகிற வருகிற எல்லோரும் அந்தப் பெட்டியைச் சுற்றித்தான் போகவேண்டும்.

நண்பனின் மனைவி அதைத் தாண்டித்தான் போவாள். தருவைகுளத்துப் பெண். கல்யாணமாகி ஒரு மழைக்காலம் சேர்ந்து இருந்தார்கள்; அவன் பட்டாளத்துக்குப் போய்விட்டான். “பட்டாளத்துக்குக் குடுத்தது போதும். கொழும்புக்கும் குடுக்க எங்கிட்ட இன்னொரு புருசன் கெடையாது,” என்று மாமனார் காதில் விழும்படியே சொல்வாள்.

ஜீப்புக்கு வேலை தேடித் தந்ததும் அவள்தான். தருவைகுளத்தில் சொந்தமாக வள்ளங்கள் வைத்திருந்த ஒரு விதவை அவளுக்குப் பெரியம்மா முறை. ஊரில் சம்மாட்டியம்மா என்பார்கள். வள்ளத்துச் சொந்தக்காரர்களைச் சம்மாட்டி என்பது கடற்கரை வழக்கம். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் வெள்ளிக்கிழமை தோறும் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், வீடுகளில் இறைச்சி கிடையாது. அதனால் மதுரையில் அன்றைக்கு மீனுக்கு அடித்துக்கொள்வார்கள். வியாழக்கிழமை மத்தியானம் வள்ளம் கரைக்கு வந்தால், மாலை ரயிலில் மீன் ஏறிவிட வேண்டும். மாட்டு வண்டிக்கு நேரம் பற்றாது. ஜீப் அரை வழியில் உட்காராவிட்டால் பற்றும்.

ரயிலைத் தவறவிட்ட மறுநாள் சம்மாட்டியம்மா நண்பனைக் கூப்பிட்டு அனுப்பினார். வெற்றிலையை மென்று முடிக்கும் வரை நிற்கவைத்தார்.

“ஏலே மருமவனே, ஒன் வண்டி ஓடுததா, ஒக்காருததா?”

“ஓடும், பெரியம்மா. கொஞ்சம் ஒயத்திட்டா ஓடும்.”

“ஒயத்து. அடுத்த வியாழக்கெழமை ஒரு தடவ மீன் தாரேன். ரயில்ல ஏறிட்டுன்னா இனி எல்லாம் ஒனக்குத்தான். ஏறலன்னா பழைய வண்டியே போதும். மாடு மெதுவாப் போனாலும் மீனோட நடுத்திட்டுல ஏறிப் படுக்காது பாரு.”

*

ஜீப்பை உயர்த்துவது என்று அவன் சொன்னதும் எனக்கு விளங்கவில்லை. நகரத்தில் இருந்த மோட்டார் பட்டறையில் விசாரித்தோம். புதிய ஸ்பிரிங் பட்டைகள் மதராஸிலிருந்து வரவேண்டும் என்றார்கள். வருகிற நாளும் சரிப்படவில்லை, விலையும் சரிப்படவில்லை. அவன் ஜீப்பைத் திரேஸ்புரத்துக் கடற்கரையில், வள்ளங்களைப் பழுதுபார்க்கும் இடத்துக்கு ஓட்டிப் போனான்.

வள்ளம் கட்டும் தச்சரை அங்கே ஓடாவி என்பார்கள். நண்பனுக்கு மாமன் முறையான ஓடாவி ஒருவர் அங்கே இருந்தார். குள்ளமான, கலகலப்பான ஆள். வேலை செய்யும்போது வாயும் வேலை செய்யும். ஜீப்பைச் சுற்றி ஒரு முறை நடந்தார். குனிந்து பார்த்தார்.

“இதுல எங்கிட்டு மாப்ள அணியம்?” என்றார். வள்ளத்தின் முன்பக்கத்தை அப்படிச் சொல்வார்கள்.

“ரெண்டு வெளக்கு இருக்குல்லா, அதான் மாமா.”

“ரெண்டு பக்கமும் ஒண்ணு போலத்தான் இருக்கு. சரி, தூக்குங்கலே.”

வள்ளத்தைக் கரையேற்றுகிற மாதிரியே தூக்கினார்கள். கூப்பிடாமலே ஆள் வந்தது. பாட்டுப் பாடி, ஒரு பக்கம் நெம்பி, மரமுட்டுகளைச் சொருகி, மறுபக்கம் நெம்பி, ஜீப் நான்கு முட்டுகளின் மேல் அந்தரத்தில் நின்றது. இரு பக்கமும் வள்ளங்கள், நடுவே ஜீப். கடலிலிருந்து பார்த்த யாரும் அதையும் ஒரு வள்ளம் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

ஓடாவியின் யோசனை எளிமையானது. அச்சுக்கும் ஸ்பிரிங் பட்டைக்கும் நடுவே ஒரு கட்டை வைத்தால் வண்டி கட்டையின் கனத்துக்கு உயரும். வில்வண்டியில் அப்படித்தான் செய்வார்கள். பூவரசங் கட்டையில் நான்கு துண்டு செதுக்கினார். ஒரு பக்கம் பட்டைக்குத் தட்டையாகவும் மறுபக்கம் அச்சின் உருளைக்கு வளைவாகவும், பார்க்கவே அழகாக இருந்தன. ஆணிகளை முடுக்கி, முட்டுகளைத் தட்டிவிட்டு, ஜீப்பை மணலில் இறக்கினார்கள்.

எல்லோரும் பின்னால் தள்ளி நின்று பார்த்தார்கள். ஜீப் முன்பு இருந்ததைவிடத் தாழ்ந்திருந்தது.

சோற்றுத் தூக்கோடு வந்து நின்ற நண்பனின் மனைவிதான் முதலில் பேசினாள்.

“என்ன மாமா இது, பூசைக்கு வந்த மாதிரி முழங்கால் போட்டுட்டு நிக்கி?”

கூட்டம் சிரித்தது. ஓடாவி சிரிக்கவில்லை. மணலில் படுத்து உள்ளே தலையை விட்டார். வெளியே வந்தபோது அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். வில்வண்டியில் பட்டை அச்சுக்கு மேலே இருக்கும். இந்த ஜீப்பில் பட்டை அச்சுக்கு அடியில் தொங்கியது. வண்டியின் உடம்பு பட்டையைப் பிடித்து நிற்கிறது. அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே கட்டை வைத்தால் பட்டை இன்னும் கீழே போகும். உடம்பும் அதோடு போகும். படுத்துச் சுரண்டியபோது நான் அந்தப் பட்டையைக் கண்ணெதிரே பார்த்தவன். நண்பனோ அதன் மேல் உட்கார்ந்து ஓட்டியவன். எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

“அப்ப பட்டையத் தூக்கி அச்சுக்கு மேல வச்சிருவோம்,” என்றான் நண்பன்.

அதுதான் சரியான வழி. செலவும் குறைவு, புதிதாக வாங்க ஒன்றுமில்லை. பட்டை உட்காரும் இரும்புத் தட்டு அச்சின் அடிப்பக்கம் பற்றவைக்கப்பட்டிருந்தது. அதே மாதிரித் தட்டு அச்சின் மேல்பக்கம் வேண்டும். உடைந்த லாரி ஒன்றிலிருந்து நான்கு தட்டுகள் கிடைத்தன. துறைமுகப் பக்கத்துப் பட்டறையில் காஸ் வெல்டிங் தெரிந்த ஒருவர், நண்பனின் பட்டாளத்துக் கூட்டாளி, சாப்பாட்டு நேரத்தில் வந்து பற்றவைத்துக் கொடுத்தார். பிரேக் குழாய் எட்டவில்லை. குழாயைப் பிடித்திருந்த தகட்டைக் கழற்றி ஓர் இரும்புப் பட்டையால் கீழே இறக்கி மாட்டினார்கள். ஸ்டியரிங் தண்டு சாய்வாக நின்றது; அதை அப்படியே விட்டார்கள். அதிர்ச்சியைத் தாங்குவதற்காக ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு குழாய் மாதிரியான சாதனம் உண்டு. ஷாக் அப்சார்பர் என்று நண்பன் சொன்னான். அவையும் எட்டவில்லை. வேறு வாங்க வழியில்லை. கழற்றிச் சாக்கில் போட்டுவிட்டார்கள்.

இந்த முறை முட்டுகளைத் தட்டியபோது ஜீப் நிமிர்ந்து நின்றது. ஓடாவி கையை விரித்து அளந்தார். அரை ஜாண் உயர்ந்திருந்தது. வயிற்றுக்கு அடியில் தொங்கிய பட்டையும் ஆணிகளும் மேலே போய்விட்டதால் பார்வைக்கு அதற்கும் மேலே இருந்தது. அச்சின் நடுவிலுள்ள பல்சக்கரக் குண்டு மட்டும் பழைய உயரத்திலேயே இருந்தது. ஆனால் ஜீப்பில் அந்தக் குண்டு ஒரு பக்கமாக ஒதுங்கி இருப்பதால் திட்டின் சரிவோடு போய்விடும் என்று நண்பன் சொன்னான். அது அப்படியே நடந்தது. தட்டியது வேறு.

*

கடற்கரை ரோட்டில் ஓட்டிப் பார்த்தபோதுதான் ஷாக் அப்சார்பர்கள் எதற்கு என்று தெரிந்தது. ஒரு குழியில் இறங்கி ஏறினால் ஜீப் நெடுந்தூரம் தலையாட்டிக்கொண்டே போனது. திருப்பத்தில் ஒரு பக்கம் சாய்ந்து, யோசித்து, நிமிர்ந்தது. முன் சீட்டிலிருந்த நான் கண்ணாடிச் சட்டத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். பின்னால் உட்கார்ந்திருந்த ஓடாவிக்குக் கவலையே இல்லை.

“வெறும் வள்ளம்னா ஆடத்தான் செய்யும். அடிபாரம் போடணும்.”

கொழும்பில் சரக்கை இறக்கிவிட்டு வெறுமனே திரும்பும் தோணிகள், கடலில் கவிழாமல் இருக்க அடியில் மணலைப் போட்டுக்கொண்டு வரும். அதைத்தான் சொன்னார். திரேஸ்புரத்தில் அதில் யாருக்கும் சந்தேகம் எழவில்லை. மணல் மூட்டைகள் வந்தன. ஜீப்பின் பின்பக்கத் தளத்தில் வரிசையாக அடுக்கினார்கள். மறுபடி ஓட்டினோம். ஆட்டம் நின்றது. திருப்பத்தில் ஒழுங்காகத் திரும்பியது. ஜீப் கொஞ்சம் அமர்ந்துவிட்டதை எல்லோரும் பார்த்தார்கள், பார்த்துத் திருப்திப்பட்டார்கள். கடலோடிக்கு வள்ளம் தண்ணீரில் சற்றே அமர்ந்து நின்றால்தான் மனசுக்குச் சமாதானம். உயர்த்தின வண்டி தாழ்வதைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட பட்டறை உலகத்தில் அது ஒன்றுதான் இருந்திருக்கும்.

வியாழக்கிழமை நால்வர் புறப்பட்டோம். நண்பன் ஓட்டினான். அவனுக்கு வலப்பக்கம் அவன் மனைவி. பெரியம்மாவைப் பார்த்து ரொம்ப நாளாகிறது என்றாள்; பெரியம்மா போன ஞாயிற்றுக்கிழமைதான் வந்து போயிருந்தார். பின்னால் மணல் மூட்டைகளின் மேல் ஓடாவியும் நானும். ஓடாவி நீளமான பலகை ஒன்றையும் எடுத்து வந்திருந்தார். எதற்கு என்று கேட்டதற்கு, வள்ளத்தில் பலகை இல்லாமல் போவதுண்டா என்று திருப்பிக் கேட்டார்.

போகும்போது ஒரு குறையுமில்லை. போன தடவை உட்கார்ந்த இடம் வந்தது. நண்பன் வேகத்தைக் குறைத்தான். அடியில் காய்ந்த புல் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. தாண்டிவிட்டோம். நண்பன் மனைவி திரும்பி ஓடாவியைப் பார்த்து, “மாமா, முழங்கால் எந்திருச்சிட்டு,” என்றாள்.

தருவைகுளத்தில் வள்ளம் வந்து சேரத் தாமதமானது. வந்தபோது பாடு, அதாவது அன்று கிடைத்த மீன், நன்றாக இருந்தது, வேண்டியதற்கு மேலேயே. சீலா மீனும் பாறை மீனும் கூடை கூடையாக வந்தன. சம்மாட்டியம்மா கரையில் நின்று கூடைகள் ஏறுவதைப் பார்த்தார். மணல் மூட்டைகளின் மேல் கூடைகள், கூடைகளின் மேல் கூடைகள். ஜீப் மெல்ல மெல்லக் கீழே போனது. நான் அதைப் பார்த்தேன். சொல்லத் தோன்றவில்லை; சுமை ஏற்றினால் எந்த வண்டியும் இறங்கும்தானே.

அந்தப் பழைய இடத்தில், முன்பு சுரண்டிய தழும்பு இன்னும் தெரிந்த அதே திட்டில், ஜீப் டமார் என்று உட்கார்ந்தது.

நண்பன் எஞ்சினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு நேரே பார்த்தான். அவன் மனைவி அவனைப் பார்த்தாள். உப்பளத்துக்கு அப்பால், கடலில் தள்ளி, கொழும்புக் கப்பல் நங்கூரம் போட்டு நின்றது. நால்வரும் அதைப் பார்க்காத மாதிரி இருந்தோம்.

“அரை ஜாண் எங்க போச்சு?” என்றான் நண்பன், யாரையும் கேட்காமல்.

அவன் மனைவி இறங்கி, சேலையைச் செருகிக்கொண்டு, குனிந்து பார்த்தாள். பின்பக்கம் வந்து கூடைகளைப் பார்த்தாள். கூடைகளுக்கு அடியில் மூட்டைகளைப் பார்த்தாள்.

“மாமா, சரக்கு ஏத்துன தோணியில அடிபாரம் வச்சிருப்பாவளா?”

ஓடாவியும் குனிந்து மூட்டைகளைப் பார்த்தார். “வெறுந் தோணிக்குத்தாம் போடுவாவ,” என்றார். “சரக்கு ஏத்தும்போது மணலக் கொட்டிருவாவ.”

“பெறவு?”

கூடைகளை இறக்கினோம். மணல் மூட்டைகளை இழுத்தோம். அவற்றைப் பாதையோரம் எறியப்போன என்னை நண்பன் தடுத்தான். சக்கரங்களுக்கு முன்னால், பள்ளங்களில் அவிழ்த்துக் கொட்டச் சொன்னான். ஜீப்பைத் தாழ்த்திய மணல் இப்போது பள்ளத்தை உயர்த்தியது. அப்போதுதான் பின்னால் சலங்கைச் சத்தம். வண்டிக்காரர் வேறு யாருடைய சரக்கையோ ஏற்றிக்கொண்டு வந்தார்.

“மறுபடியும் அசதியா வே?”

“ரோடு போடுதோம், அண்ணாச்சி,” என்றாள் நண்பன் மனைவி, மணலைக் காலால் மிதித்துக்கொண்டே. “ஒமக்கும் சேத்துத்தாம்.”

அவர் இறங்கி வந்து ஒரு கூடைக்குக் கை கொடுத்தார். மாட்டை அவிழ்க்கவா என்று கேட்கவில்லை. ஜீப் முனகி, மணலைக் கவ்வி, திட்டிலிருந்து விடுபட்டது.

ஆனால் அடிபாரம் போனதும் ஆட்டம் திரும்பி வந்தது. கூடைகள் உயரத்தில் இருந்ததால் முன்னைவிட மோசமாக வந்தது. ஒரு பள்ளம் ஆழமாகவும் மற்றது மேடாகவும் வருகிற இடத்தில் ஜீப் கடல் பக்கமாகச் சாய்ந்தது. மேல் கூடை ஒன்று நகர்ந்தது. நண்பன் நிறுத்திவிட்டான். மெதுவாகப் போனால் ரயில் போய்விடும். வேகமாகப் போனால் மீன் உப்பளத்துக்குப் போய்விடும்.

ஓடாவி பலகையை எடுத்தார். கூடைகளுக்குக் குறுக்கே, இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்துக் கயிற்றால் கட்டினார். காற்று ஓங்கும்போது பாய்மர வள்ளத்தில் அப்படித்தான் பலகையைக் குறுக்கே நீட்டுவார்கள். வள்ளம் ஒரு பக்கம் சாய்ந்தால் ஆட்கள் மறுபக்கத்து நுனிக்கு நகர்ந்து போய் உட்காருவார்கள். கவிழப்போகிறது என்றால் இன்னும் வெளியே போவார்கள்.

“அண்ணாச்சி, ஏறும்,” என்றார் என்னிடம்.

கப்பல் செய்திகள் எழுதிவந்தேனே தவிர, கப்பல்காரனாக நான் அதுவரை இருந்ததில்லை. ஏறினேன்.

நண்பன் ஓட்டினான். அவன் கண் பள்ளங்களிலேயே இருந்தது. ஓடாவி முன்னால் எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தார். இடம், வலம் என்று அவருக்கு வராது. கடலில் எந்தப் பக்கம் போனாலும் ஒன்று கரைப்பக்கம், மற்றது கடல்பக்கம். நாங்கள் தெற்கே வந்ததால் கடல் இடது கையில் இருந்தது. “கரப்பக்கம்” என்றால் ஓடாவியும் நானும் பலகையில் வழுக்கி வலப்பக்க நுனிக்குப் போவோம். நண்பன் மனைவி கண்ணாடிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு பாதி உடம்பை வெளியே நீட்டுவாள். “கடப்பக்கம்” என்றால் நாங்கள் இருவரும் மறு நுனிக்கு ஓடுவோம். அவள் புருசன் மேல் சாய வேண்டும், வேறு இடமில்லை. ஓடாவி தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே கடல்பக்கத்தைக் கூப்பிட்டார் என்பது என் சந்தேகம்.

நண்பன் ஒரு தடவை மட்டும் பேசினான். “ஏளா, ஓட்ட விடு.”

“மாமா சொல்லுதாருல்லா,” என்றாள் அவள்.

உப்பளத்தில் வேலை செய்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒரு வெள்ளை உப்புக் குவியலைச் சுற்றித் திரும்பும்போது என் முதுகை உடைமர முள் கீறியது. திட்டு வந்தது, போனது. ஜீப்பின் வயிறு எதிலும் தொடவில்லை. அந்த அரை ஜாண் அப்போதுதான் எங்களுக்குக் கிடைத்தது.

ஸ்டேஷனில் மாலை ரயில் நின்றுகொண்டிருந்தது. பார்சல் பெட்டியின் கதவு திறந்திருந்தது. ஐஸ் போடுகிற ஆள் டீ குடித்துக்கொண்டிருந்தான். பலகையில் தொங்கிக்கொண்டு வந்த எங்களைப் பார்த்துக் கிளாஸைக் கீழே வைத்தான். கூடைகளைப் பிரித்து, ஐஸும் மரத்தூளும் போட்டுக் கட்டி, கடைசிக் கூடையும் ஏறியபிறகுதான் கார்டு விசிலை எடுத்தார். ரயில் போனதும் நண்பன் காலி ஜீப்பின் மேல் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். பிறகு பின் சக்கரத்தை லேசாக உதைத்தான், முதுகில் தட்டிக் கொடுக்கிற மாதிரி.

*

நடந்ததைச் சம்மாட்டியம்மாவுக்குச் சொன்னவர் வண்டிக்காரர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நண்பனும் மனைவியும் தருவைகுளம் போனபோது நானும் கூடப் போனேன். சம்மாட்டியம்மா எடுத்த எடுப்பில் கேட்டார்:

“ஒரு வண்டிக்கு நாலு ஆளாம்லா? பலகையில தொங்கிக்கிட்டு வந்தியளாம்?”

நண்பன் தயங்கினான். ஆள் குறைத்துக்கொள்ளலாம், ஷாக் அப்சார்பர் கிடைத்துவிட்டால் தேவையில்லை என்று ஆரம்பித்தான்.

“இரு. அது வண்டியில்லலே. வள்ளம். வண்டிக்கு எப்படி குடுக்கதுன்னு தெரியாமத்தாம் இருந்தேன். வள்ளத்துக்குன்னா தெரியும்.”

வள்ளத்தில் பாடு வந்தால் அதைப் பங்கு போடுவார்கள். வள்ளத்துக்கு, வலைக்கு, ஏறின ஆளுக்கு என்று ஒவ்வொன்றுக்கும் பங்கு உண்டு. யார் கையை நனைத்தார்களோ அவர்களுக்கு இல்லை என்று சொல்லக்கூடாது. அது கரையின் சட்டம். சம்மாட்டியம்மா அதை அப்படியே ஜீப்புக்கு வைத்தார். ஜீப்புக்கு ஒரு பங்கு. ஓட்டுகிறவனுக்கு ஒன்று. பலகையில் ஏறுகிறவனுக்கு ஒன்று.

“எனக்கு?” என்றாள் நண்பன் மனைவி.

“ஒனக்கென்ன? நீ சீட்டுல தான ஒக்காந்து வந்த?”

“பாதி உடம்பு வெளிய இருந்திச்சி, பெரியம்மா. மீதிப் பாதி எங்க இருந்திச்சின்னு மாமாகிட்டக் கேளுங்க.”

சம்மாட்டியம்மா சிரித்துவிட்டார். அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். அவளுக்கும் ஒரு பங்கு என்று ஆயிற்று.

அந்தச் சட்டப்படி எனக்கும் ஒரு பங்கு வந்தது. மறு வாரம் நான் போகாவிட்டாலும் முதல் தடவையின் கணக்கு பாக்கி என்று சொல்லி, நல்ல சீலா ஒன்றை வண்டிக்காரரிடம் கொடுத்து எங்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் அதை வெள்ளிக்கிழமை காலையில் கொண்டுவந்து வாசலில் நின்றார். அவர்களுக்கு வெள்ளிக்கிழமை மீன் நாள். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை விளக்கேற்றுகிற நாள். மீன் வாசலைத் தாண்டாது. அம்மா அவரை உள்ளேயும் விடவில்லை, திருப்பி அனுப்பவும் மனசில்லை. மீன் பக்கத்துச் சந்தில் குடியிருந்த ரயில்வேக்காரர் வீட்டுக்குப் போயிற்று. அடுத்த தடவை வியாழக்கிழமையே கொடுத்துவிடும்படி சொல்லி அனுப்பினாள்.

ஷாக் அப்சார்பர் பிறகு வந்ததா என்றால், வந்தது. அதற்குள் அவர்கள் வாரந்தோறும் கொட்டியதில் பள்ளங்களெல்லாம் மணலால் நிரம்பிவிட்டன. பலகையைக் கழற்ற நண்பன் மனைவி சம்மதிக்கவில்லை. கழற்றினால் பங்கு போய்விடும் என்றாள்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் ஒரு சாயங்காலம் அவன் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். தகரப் பெட்டி வாசலில் இல்லை. நான் கேட்கவும் இல்லை. தூரத்தில் கொழும்புக் கப்பல் ஊதியது. நண்பன் மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள்.

“ஏங்க, கப்பல் ஊதுது. போவலியா?”

“சட்டையெல்லாம் எங்க?” என்றான் அவன்.

“கொடியில கெடக்கு. பெட்டிதாம் இல்ல. ஐஸ் வைக்க எடுத்துட்டேன்.”

முற்றத்தில் வலைக் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்த அப்பா, மூடி சரியாகப் பொருந்துகிறதா, ஐஸ் தண்ணீர் ஒழுகாமல் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்.